ஆள்காட்டி விரலில் ஒரு கட்டு



ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டுப் படத்தில் என் வலது கை ஆள்காட்டி விரலில் கட்டைப் பார்த்துவிட்டுப் பலர் விசாரித்திருந்தீர்கள். சுகர் புண்தான் என்று ஒருவர் முடிவே கட்டிவிட்டார். அதெல்லாம் இல்லை. மாதிரி விமானத்தின் காற்றாடி வெட்டியது. நாலு தையல். தப்பு முழுக்க என்னுடையது.

என் மகன் கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தான். அங்கே மாதிரி விமானம் செய்யச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தப் பைத்தியத்தில், வேலை கிடைத்த பிறகு வாங்கிய ஓ.எஸ். 46 எஞ்சின் பரணில் கிடந்தது. ஏழரை சிசி, உள்ளங்கையில் அடங்கும். லீவுக்கு வந்த பேரன் அதை எடுத்துவந்து, "பாட்டா, இத ஓட வைப்பமா?" என்றான். இப்போது எல்லாரும் பேட்டரி மோட்டாருக்கு மாறிவிட்டார்கள். ஆனால் எஞ்சின் சத்தம் கேட்டவனுக்கு மோட்டார் ருசிக்காது.

இதற்குப் பெட்ரோல் கிடையாது. மெத்தனால், ஆமணக்கெண்ணெய், கொஞ்சம் நைட்ரோமீத்தேன். பிளக்கில் பிளாட்டினம் கம்பிச்சுருள் இருக்கும். ஒன்றரை வோல்ட் கொடுத்து அதைச் சிவக்க வைத்தால் போதும். ஓட ஆரம்பித்ததும் பேட்டரியை எடுத்துவிடலாம். சுருள் தானாகவே கனன்றுகொண்டிருக்கும். (முதல் உலகப் போர் விமானங்கள் பலவற்றிலும் ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த அதே எண்ணெய்.)

மெத்தனால் என்றதும் 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தது ஞாபகம் வரவேண்டும். அந்த விஷம்தான் இது. மகன் கொண்டுவந்த கேனை டிரங்குப் பெட்டியில் பூட்டியே வைத்திருக்கிறேன். பழைய தண்ணீர்க் குப்பியில் ஊற்றி வைக்கவே கூடாது. இன்னொன்று, பகல் வெளிச்சத்தில் இதன் தீ கண்ணுக்குத் தெரியாது.

வீட்டுக்குப் பின்னால், ரப்பர் வெட்டி மாற்றிய காலி இடத்தில், வாலை ஒரு குற்றியில் கட்டினோம். கையால் காற்றாடியைத் தட்டாதே, ரப்பர் உறை போட்ட கம்பால் தட்டு என்று பேரனுக்குச் சொன்னேன். கண்ணாடி போடச் சொன்னேன். ஓடியதும் ஒரு நிமிடம் சூடாக விட்டு, பிறகு முழு வேகம் கொடுத்து, பின்னால் நின்று நீடில் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக மூட வேண்டும். எரிபொருள் அதிகமாக இருக்கும்போது மூக்கடைத்த மாதிரிக் கரகரப்பு, வெள்ளைப் புகை. மூட மூடச் சத்தம் கூர்மையாகும். உச்சத்துக்கு வந்ததும் எல்லாருக்கும் ஆசை, அங்கேயே விட்டுவிடலாம் என்று. விடக்கூடாது. ரெண்டு மூணு கிளிக் திரும்பத் திறக்க வேண்டும். இல்லையென்றால் மேலே போனதும் எரிபொருள் போதாமல் எஞ்சின் கொதித்து, எண்ணெய் காய்ந்து, பிஸ்டன் இறுகிப் பிடித்துவிடும். விமானத்தைக் கெட்டியாகப் பிடித்து மூக்கை வானத்துக்குத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்; சத்தம் லேசாக ஏறினால் சரி, தடுமாறினால் இன்னும் திற.

கணக்கும் போட்டுக் காட்டினேன். நிமிடத்துக்கு 12,000 சுற்று, அதாவது நொடிக்கு 200. பதினொரு அங்குலக் காற்றாடியின் நுனி நொடிக்கு 175 மீட்டர் போகிறது, மணிக்கு 630 கிலோமீட்டர். விளிம்பில் சின்ன வெட்டு இருந்தாலும் ஒட்டிப் போடாதே, தூக்கி எறி. காற்றாடி சுற்றும் நேர்கோட்டில் பக்கவாட்டிலும் யாரும் நிற்காதே.

இவ்வளவும் சொன்ன ஆள், வேகம் குறைத்து மெதுவாக ஓடும்போது, பிளக்கிலிருந்த பேட்டரிக் கிளிப்பை எடுக்க முன்பக்கமாகக் கையை நீட்டினேன். பின்னால் சுற்றி வர நாலு எட்டு. அந்த நாலு எட்டுக்குச் சோம்பல். காற்றாடி கண்ணுக்குத் தெரியவே தெரியாது, வெறும் நிழல்தான். வலியும் முதலில் தெரியவில்லை. சத்தம் மாறியதுதான் தெரிந்தது. எஞ்சினை நிறுத்தியது பேரன். கண்ணாடியைக் கழற்றாமல், பின்னாலிருந்து, எரிபொருள் குழாயை நசுக்கி. பன்னிரண்டு வயது. அதன் பிறகுதான் அழுதான்.

மார்த்தாண்டம் போகிற வழியெல்லாம் அவன் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மட்டும், "நரம்பு வெட்டிற்றா?" என்று டாக்டரிடம் கேட்டான். இல்லை. விரல் மடங்குகிறது.

இந்த விரலை நீட்டி உங்களில் எத்தனை பேரை பெஞ்சுமேல் ஏற்றியிருப்பேன்! கட்டு புதன்கிழமை பிரிப்பார்கள். அதுவரை நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வது அவன்தான். "தப்பு முழுக்க என்னுடையது" என்ற வரியை அவனாகச் சேர்த்தான். அழிக்கச் சொல்லவில்லை.