வெண்ணெய் சேரும் கடைசி நிமிடம்

பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் தலைமைச் சமையல்காரருக்கும் அவருக்கு அடுத்தவருக்கும் பிறகு அதிக மதிப்பு ‘சொசியே’வுக்கு. சாஸ் செய்பவர் அவர். மீனுக்கு ஒருவர், குளிர்ந்த உணவுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று வேலையைப் பிரித்து, யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் வகுத்தவர் ஒகூஸ்த் எஸ்கோஃபியே. பட்டாளத்தில் சமைத்தவர், ஒழுங்கு தெரிந்தவர். சாஸ்களைத் தாய், சேய் என்று வகைப்படுத்தி 1903இல் அவர் வெளியிட்ட கையேட்டைச் சமையல்காரர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

பாரிஸில், செய்ன் நதியின் தென்கரையில் உள்ள ஓர் உணவகத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு இடம் சொல்லியிருந்தேன். மிஷலின் நட்சத்திரம் பெற்ற இடம். அங்கே சொசியேவாக இருப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர் என்று அந்த ஊரில் வசிக்கும் தோழி சொன்னதும், சாப்பிடுவதற்கு முன் அடுப்படியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. மாலை நான்கு மணிக்கு வரச் சொன்னார்கள். பெயர் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டதால் உணவகத்தின் பெயரையும் அவர் பெயரையும் இங்கே தவிர்க்கிறேன்.

உள்ளே நுழைந்தால் இடுப்பளவு உயரப் பாத்திரம் ஒன்று சிறு தீயில் இருந்தது. கோழி எலும்பு, வெங்காயம், கேரட், செலரி, தண்ணீர். காலையில் ஏற்றியது. உப்புப் போடவில்லை. சுண்டச் சுண்ட உப்பு ஏறிவிடும் என்பதால் கடைசியில்தான் போடுவார்களாம். மேலே கூடும் நுரையைச் சொசியே ஒரு தட்டைக் கரண்டியால் வழித்துக்கொண்டே இருந்தார்.

“வாங்கோ அக்கா. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, சுட்டுப்போடும்” என்றார். “இது கொதிக்கக் கூடாது. குமிழி ஒண்டு ரெண்டு வந்தாக் காணும். கொதிச்சுதெண்டா கலங்கிப் போடும், பிறகு ஒண்டும் செய்யேலாது.”

அன்றைய முக்கிய உணவு பிரெஸ் வட்டாரத்துக் கோழி. வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால். 1957 முதல் சட்டப் பாதுகாப்புள்ள இனம். புல்வெளியில் மேயவிட்டு, கடைசி நாட்களில் சோளமும் பாலும் கொடுத்து வளர்க்கிறார்கள். அதற்குச் சேரும் சாஸில் ஜூரா மலைப்பகுதியின் மஞ்சள் ஒயினும் மொரிய் காளானும். அந்த ஒயினை 6 ஆண்டுக்கும் மேல் முதிரவைத்து, 62 சென்டிலிட்டர் பிடிக்கும் குட்டைப் புட்டியில்தான் அடைப்பார்கள்.

அவர் செய்ததைச் சொல்கிறேன். சிறு வெங்காயத்தை நிறம் மாறாமல் வெண்ணெயில் வதக்கினார். ஒயினை ஊற்றிப் பாதிக்கும் கீழே வற்றவிட்டார். வடித்த எலும்புச் சாறு, அதுவும் வற்றியது. காளான் ஊறிய தண்ணீரை மண் போகத் துணியில் வடித்துச் சேர்த்தார். மொரிய் காளானைப் பச்சையாகத் தின்றால் விஷம், அதனால் அது நன்றாக வேக வேண்டும். பிறகு க்ரீம். இவ்வளவும் பொறுமை இருந்தால் வந்துவிடும். கைத்திறன் என்பது அதற்குப் பிறகுதான். பாத்திரத்தை நெருப்பிலிருந்து விலக்கி, குளிரூட்டியில் இருந்து எடுத்த வெண்ணெய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, பாத்திரத்தையே சுழற்றினார். சூடு கூடினால் வெண்ணெய் பிரிந்து எண்ணெயாக மிதக்கும், குறைந்தால் சேராது. ஜீராவில் கம்பிப் பதம் பார்ப்பது போல இதற்கும் ஒரு பதம் உண்டு: கரண்டியின் முதுகில் சாஸை எடுத்து விரலால் ஒரு கோடு கிழித்தார். கோடு மூடவில்லை. சரி என்று தலையாட்டி, கடைசியாகச் சில துளி ஒயினைப் பச்சையாகவே விட்டார். மணத்துக்காக.

“ஆர் சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் இல்லை. கோப்பை கழுவத்தான் வந்தனான். அப்ப ஒரு சொல்லு பிரெஞ்சும் தெரியாது. கழுவ வாற சட்டியில ஒட்டிக் கிடக்கிறதை நக்கிப் பாப்பன். ஒரு நாள் செஃப் கண்டிட்டார். திட்டுவார் எண்டு நினைச்சன். என்ன போட்டிருக்கு, சொல்லு எண்டார்.”

1980களில் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்களுக்கு பாரிஸில் மொழி இல்லாமல் கிடைத்த வேலை கோப்பை கழுவுவதுதான். அங்கே தமிழர் கடைகள் நிறைந்த லா ஷபெல் பக்கம் யாரைக் கேட்டாலும் வீட்டில் ஒருவர் உணவகத்தில் நின்றிருப்பார். மதியப் பந்தி மூன்று மணிக்கு முடிந்து, இரவுக்கு ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும். வீடு புறநகரில் இருப்பவர்களால் போய்வர முடியாது. அந்த இடைவெளியைப் பூங்காவிலோ, உடைமாற்றும் அறையிலோ கழித்தே பல வருடங்கள் போயிருக்கின்றன. இப்போது கழுவும் இடத்தில் நிற்பவர் மாலி நாட்டு இளைஞர். செப்புப் பாத்திரங்களின் அடியைக் கண்ணாடியாகத் துலக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். அடி சுத்தமாக இல்லாத பாத்திரத்தில் வெண்ணெய் ஒழுங்காகச் சேராது என்று சொசியே அவரைக் காட்டிச் சொன்னார்.

இரவு எட்டரைக்கு மேசையில் உட்கார்ந்தேன். முதலில் வந்தவை சிறிய, அழகான விஷயங்கள். நன்றாக இருந்தன. ரொட்டியைப் பார்த்ததும் தர்ஷன் செல்வராஜா நினைவுக்கு வந்தார். இலங்கையில் பிறந்த அவர் 2023இல் பாரிஸின் சிறந்த பகெத்துக்கான பரிசை வென்று, அதிபர் மாளிகைக்கு ஓராண்டு ரொட்டி வழங்கும் உரிமை பெற்றவர். சமையலறையில் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது.

பிறகு கோழி. பரிமாறுபவர் சாஸைச் சிறு குவளையிலிருந்து என் கண்முன் ஊற்றினார். வால்நட்டின் வாசம், அதன் பின்னால் ஒரு புளிப்பு, காளானின் மண்ணும் புகையும். கறியை விட்டுவிட்டு ரொட்டியால் அந்தச் சாஸைத் துடைத்துச் சாப்பிட்டேன்.

உணவுப் பட்டியலில் கோழி எந்தப் பண்ணையினுடையது, வெண்ணெய் எந்த ஊருடையது, பாலாடைக்கட்டியை முதிரவைத்தவர் யார் என்றெல்லாம் அச்சிட்டிருந்தார்கள். அது நல்ல பழக்கம். அந்த வரிசையில் சாஸ் செய்தவரின் பெயருக்கும் இடம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் காசு கொடுத்ததில் பெரும்பங்கு அவருடைய உழைப்புக்குத்தான்.

கிளம்பும்போது பின்வாசலில் நின்று பேசினோம். வேலை அனுபவத்தைக் காட்டிச் சமையல் சான்றிதழ் பெறும் வழி பிரான்சில் உண்டு. அதற்கு விண்ணப்பித்திருக்கிறார். செய்கிற வேலையை விளக்கிப் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

“கதைக்கிறது வரும் அக்கா. எழுதுறதுதான் கஷ்டம். மகள் இஞ்ச பிறந்தவள், நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுறாள். நேற்றுத்தான் எலும்புச் சாறு முடிஞ்சுது. இனி வெண்ணெய் சேர்க்கிறதை எப்பிடி எழுதுறதெண்டு ரெண்டு பேரும் இருந்து யோசிக்கிறம்” என்றார்.