கம்பெனி பஸ்ஸும் ரீதிகௌளையும்

நோக்கியா ட்யூன் தெரியாதவர்கள் யாராவது இருக்கிறீர்களா மக்களே? இருக்க மாட்டீர்கள். ஸ்பெயின் நாட்டு கிடார் கலைஞர் ஃபிரான்சிஸ்கோ தார்ரேகா 1902-ல் எழுதிய ஒரு வால்ஸ் இசையிலிருந்து எடுத்த சின்னத் துண்டு அது. மனுஷன் 1909-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஊர் உலகத்தில் உள்ளவன் பாக்கெட்டில் எல்லாம் தன் இசை கத்தப் போகிறது என்று அவர் கனவா கண்டிருப்பார்!

ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் அந்த போனைச் செய்த ஒரு அக்காவிடம், "அந்தக் கம்பெனின்னா உங்களுக்கு எந்தப் பாட்டுக்கா ஞாபகம் வரும்?" என்று கேட்டால், இந்த ட்யூனை அவர் சொல்வதில்லை. 'சுப்ரமணியபுரம்' என்கிறார்.

அவருக்கு ஊர் செய்யாறு பக்கம். பிளஸ் டூ முடித்ததும் 2008-ல் வேலைக்குச் சேர்ந்தார். சுங்குவார்சத்திரத்தில் ஒரே அறையில் ஆறு பெண்கள், ஒரு ஸ்டவ், ஒரு கண்ணாடி. ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வரும். காலை ஷிப்ட் என்றால் இருட்டிலேயே எழுந்து, ஈரத்தலையோடு ரோட்டில் வந்து நிற்க வேண்டும். பஸ்ஸில் ஏறியதும் தூங்குவதா, பாட்டு கேட்பதா என்பதுதான் அன்றைய முதல் பிரச்சினை.

டிரைவர் அண்ணனுக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் பஸ்ஸில் இளையராஜாவைத் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை. "அண்ணே, புதுசு போடுங்கண்ணே" என்று பின்சீட்டிலிருந்து தினமும் கெஞ்சல். அந்த வருடம் ஜூலையில் சுப்ரமணியபுரம் வந்தது. ஜேம்ஸ் வசந்தன் இசை, தாமரை வரிகள், பெள்ளி ராஜும் தீபா மரியமும் பாடிய அந்தக் காதல் பாட்டு டீக்கடை டீக்கடையாக ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் சேர்ந்து ஒரு சிடி வாங்கிக் கொண்டுபோய் அவர் கையில் திணித்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டவர், முதல் சரணம் முடிவதற்குள் சத்தத்தைக் கூட்டினாராம்.

"யம்மா, இது எங்க பாட்டும்மா!"

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அந்தப் பாட்டு ரீதிகௌளை ராகம். 1977-ல் 'கவிக்குயில்' படத்துக்காக இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய கண்ணன் பாட்டும் அதே ராகம்தான். அண்ணனுக்கு ராகத்தின் பெயரெல்லாம் தெரியாது. பதினெட்டு வயதில் கிளீனராக லாரியில் ஏறிய முதல் ராத்திரி, ஒரு ஹோட்டல் வாசலில் கேட்ட பாட்டு என்பது மட்டும்தான் தெரியும். அன்றைக்கு வீட்டில் சொல்லாமல் ஓடி வந்திருந்தார். அதற்கு மேல் அவர் சொல்லவும் இல்லை, இவர்கள் கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து இரண்டு பாட்டும் அடுத்தடுத்து ஓடுவது பஸ்ஸில் வழக்கமாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், சுப்ரமணியபுரம் 1980-ம் வருடத்து மதுரைக் கதை. மதுரைப் பக்கமே போகாத அந்த அக்காவுக்கு அந்தப் பாட்டென்றால் ஈரத்தலை, ஜன்னல் காற்று, பக்கத்து சீட்டுத் தோழி தோளில் சாய்ந்து விடுகிற எச்சில். (அவரே சொன்னதுதான், கோபிக்க வேண்டாம்!) அந்தச் சம்பளத்தில்தான் தங்கைக்கு நகை சேர்ந்தது, அப்பாவின் கடன் அடைந்தது. சொந்தமாக ஒரு ஏடிஎம் கார்டு வந்ததும் அப்போதுதான். எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்று யாரும் கேட்காத வருடங்கள் வாழ்க்கையில் அவை மட்டும்தான் என்கிறார்.

2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் வியாபாரம் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. அக்கா மே மாதமே பெட்டியைக் கட்டிவிட்டார். அடுத்த தை மாதம் கல்யாணம். அதன்பிறகு டிவியில் அந்தப் பாட்டு வந்தால் எழுந்து போய்ச் சேனலை மாற்றிவிடுவாராம். "பாட்டு புடிக்கலையா?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "தலைவலி" என்றாராம்.

பி.காம். படிப்பவர்களுக்குத் தேய்மானக் கணக்கு தெரிந்திருக்கும். எந்த மெஷினானாலும் வருடா வருடம் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இந்த மாதிரிப் பாட்டுகளை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தந்ததில்லை. பெட்ர் ஜனாட்டா என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2009-ல் ஆட்களுக்கு அவர்களுடைய இளவயதுப் பாட்டுகளைப் போட்டுக்காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார். நெற்றிக்குப் பின்னால் உள்ள ஒரு பகுதியில் பாட்டும் பழைய நினைவும் ஒன்றாகச் சேர்வதாகக் கண்டார். டிரைவர் அண்ணனுக்கு ஸ்கேன் எடுத்திருந்தால் லாரியே தெரிந்திருக்கும்!

அந்த நோக்கியா கட்டிடத்தில் பிற்பாடு சால்காம்ப் நிறுவனம் சார்ஜர் செய்ய வந்தது. அக்கா திரும்பிப் போகவில்லை. இப்போது செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனியில் வேலை. அங்கேயும் பஸ் உண்டு, பாட்டு உண்டு. போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் அந்தப் பாட்டு வந்தது. அக்கா இந்த முறை காதைப் பொத்திக்கொள்ளவில்லை, ஜன்னல் கண்ணாடியைத் திறந்துவிட்டார். முதல் சரணம் வருவதற்குள் பின்சீட்டிலிருந்து ஒரு சின்னப் பெண், "அண்ணே, பழைய பாட்டு... புதுசு போடுங்கண்ணே" என்றாள்.

டிரைவர் மாற்றிவிட்டார்.