சுருட்டுக்கு நெருப்பு

சிகரெட்டைப் பற்ற வைக்க எவருக்கும் படித்துக்கொடுக்கத் தேவையில்லை. தாள் தானாகவே நெருப்பைப் பிடித்துக்கொள்ளும். அதற்கென்றே அந்தத் தாளில் சில உப்புகளைச் சேர்த்திருக்கிறார்கள். சுருட்டு அப்படியல்ல. அது முழு இலை. உள்ளேயும் இலை, மேலே சுற்றியிருப்பதும் இலை. கோடாவில் தோய்ந்த யாழ்ப்பாணச் சுருட்டென்றால் சொல்லவே வேண்டாம், ஈரமும் பாணிப் பசையும் சேர்ந்து நெருப்போடு மல்லுக்கு நிற்கும். அவசரக்காரன் கையில் அகப்பட்ட சுருட்டு ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் பச்சையாய் நிற்கும். கடைசிவரை அந்தக் கோணல் நேராவதில்லை.

நான் சுருட்டோ சிகரெட்டோ குடிப்பவனல்லன். ஆயினும் சுருட்டை முறையாகப் பற்ற வைக்கத் தெரிந்தவர்களில் எங்கள் ஊரில் மிஞ்சியிருக்கும் நாலைந்து பேரில் நானும் ஒருவன் என்று துணிந்து சொல்வேன். அதற்குக் காரணம் எங்கள் வீட்டு நிலைமை.

கிழக்கிலே கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குத்தான் போவான். எங்கள் வாப்பாவும் அப்படி வந்தவர்தான். உம்மாவுக்குச் சீதனமாக வீட்டைக் கட்டிக்கொடுத்த மூத்தாப்பா, அதே வளவின் பின்பக்கத்துச் சின்னக் குடிலில் மூத்தம்மாவோடு இருந்தார். நாளொன்றுக்கு மூன்று சுருட்டு. சுபஹுக்குப் பிறகு ஒன்று, பகல் சோற்றுக்குப் பிறகு ஒன்று, இஷாவுக்குப் பிறகு ஒன்று. பள்ளிக்குப் போகுமுன் உப்புத் தண்ணீரால் வாய் கொப்புளித்து, இரண்டு கராம்பையும் மென்றுவிட்டுத்தான் போவார். 1989ஆம் ஆண்டளவில் அவருக்குக் கைநடுக்கம் கண்டது. குச்சியை உரசினால் நெருப்பு ஒரு பக்கம் ஆடும், சுருட்டு மறுபக்கம் ஆடும். ஒருநாள் சாரனில் நெருப்பு விழுந்து தொடை வெந்துபோனது. அதற்குப் பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது. பேரப்பிள்ளைகளில் நான்தான் வளவுக்குள் எப்போதும் நின்றவன்.

வாப்பாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இருந்தாலும் மாமனார் கட்டித்தந்த வீட்டில் இருந்துகொண்டு மாமனாரின் சுருட்டைத் தடுப்பதெப்படி? ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “மாமா, பத்த வெச்சுத் தரட்டும். ஆனா புள்ளைட வாயில அது படப்படாது.”

“படாது மருமகன்” என்று மூத்தாப்பா ஒப்புக்கொண்டார். வாயில் வைத்து இழுக்காமல் சுருட்டைப் பற்ற வைக்கும் வித்தையை எனக்குச் சொல்லித் தந்தது அதன் பிறகுதான். வெளிநாட்டுச் சுருட்டுக் குடிக்கும் பெரிய மனிதர்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்வார்கள் என்பதைப் பிற்காலத்தில் வாசித்து அறிந்தேன்.

முதலில் தணல். சிரட்டைத் தணல்தான் உத்தமம். அதில் சுவாலை இல்லை, புகை இல்லை, வேறு மணமும் இல்லை. அடுப்பிலிருந்து குறட்டால் ஒரு துண்டை எடுத்து ஓட்டுத் துண்டின் மேல் வைப்பேன். சுருட்டின் நடுப்பகுதியை மூன்று விரல்களால் பிடித்து, முனையைச் சாய்வாக, தணலில் முட்டாமல் ஒரு விரல் அகலம் மேலே காட்ட வேண்டும். காட்டிக்கொண்டே உருட்ட வேண்டும். உருட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலிலையின் ஓரம் முதலில் நிறம் மாறும். பாணி கருகும் இனிப்பு மணம் வரும். பிறகு நூல் போல ஒரு புகை. அந்த நேரம் பார்த்து மனசு அவசரப்படும்.

“பொறு மனே. இன்னும் நடு வேகல்ல” என்பார் மூத்தாப்பா. கண் வேறெங்கோ இருக்கும். மூக்கால்தான் கணக்குப் பார்த்தார்.

ஓரத்தில் சாம்பல் நிற வளையம் விழுந்ததும் சுருட்டை நிமிர்த்தி முனையின் மேல் மெதுவாக ஊத வேண்டும். ஊதுவது வாயில் வைப்பதாகாது என்று வாப்பாவே தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஊதும்போது எரியும் இடம் சிவக்கும், எரியாத இடம் கறுப்பாய் நிற்கும். கறுத்த இடத்தை மட்டும் மறுபடி தணலுக்குக் காட்ட வேண்டும். முழு வட்டமும் ஒரே சிவப்பாக வந்த பிறகுதான் அவர் கைக்குப் போகும். வாங்கியதும் உடனே இழுக்கமாட்டார். ஒரு தரம் சுருட்டுக்குள் வெளிமுகமாக ஊதுவார். உள்ளே தேங்கிய கெட்ட புகை போய்விடும். அதற்குப் பிறகுதான் முதல் இழுவை.

நெருப்புக் குச்சியானால் வேறு கணக்கு. குச்சித் தலையில் பொற்றாசியம் குளோரேற்றும் கந்தகமும் இருக்கின்றன. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பொசுபரசு. உரசியதும் சீறி எரிவது அந்த மருந்து. அது முழுதாய் எரிந்து, சுவாலை மரத்துக்கு இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கந்தக நாற்றம் சுருட்டில் ஏறிவிடும். ஒரு குச்சி போதாது, இரண்டோ மூன்றோ வேண்டும். மாரியில் பெட்டி நமுத்துவிட்டால் குச்சியைத் தலைமுடியில் நாலு தரம் உரசி ஈரத்தைப் போக்குவார்கள். குப்பி லாம்பில் பற்ற வைப்பவனை மூத்தாப்பா மனிதனாகவே மதிப்பதில்லை. மண்ணெண்ணெய்ப் புகையைக் குடிக்க எதற்குச் சுருட்டு என்பார். பெற்றோல் லைட்டருக்கும் அதே தீர்ப்புத்தான்.

சந்திக் கடைகளில் தூணிலே தும்புக் கயிறு தொங்கும். நுனியில் எந்நேரமும் கனிந்துகொண்டிருக்கும். வழிப்போக்கர்களுக்கு அது இலவசம். சிகரெட்டுக்கும் பீடிக்கும் அது சரி. சுருட்டுக்குப் போதாது, சூடு குறைவு. கயிற்றை ஊதி ஊதிச் சுருட்டைப் பற்ற வைக்கப் பத்து நிமிடமாவது செல்லும். அந்தப் பத்து நிமிடத்தில் ஊர்ப் புதினமெல்லாம் வந்து சேர்ந்துவிடும் என்பதால் சிலர் கையில் நெருப்புப் பெட்டி இருந்தும் கயிற்றடியில் நின்றார்கள். இப்போது எங்கள் பக்கத்துக் கடைகளில் அந்தக் கயிற்றைக் காணவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் வந்தபின் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கவும் முடியாது. அது நல்ல சட்டம்தான்.

எரியும் சுருட்டிலிருந்து இன்னொரு சுருட்டுக்கு நெருப்பெடுப்பதற்கும் ஒழுங்கு இருந்தது. கொடுப்பவர் முதலில் சாம்பலைத் தட்டுவார். சுருட்டை வாயிலிருந்து எடுத்துக் கையில் கொடுப்பார். வாங்குபவர் முனையோடு முனை வைத்துத் தன்னுடையதை இழுப்பார். திருப்பிக் கொடுக்கையில் வாய் வைக்கும் பக்கத்தை அவருக்கு நேரே திருப்பிக் கொடுப்பார். மாமனாரிடமும் மூத்தவர்களிடமும் நெருப்புக் கேட்பதில்லை. போடியாரும் முல்லைக்காரரும் இப்படி முனை சேர்ப்பதுமில்லை. போடியாரின் வாடியில் சிரட்டையில் தணல் இருக்கும், முல்லைக்காரர் அதில் எடுத்துக்கொள்வார். இதையெல்லாம் சமத்துவம் என்று நான் சொல்லவரவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

சுருட்டு நம்மவர்களின் பழம்பொருள் என்று எண்ணுகிறோம். சொல் நம்முடையதுதான். ஆங்கிலத்தின் ‘செரூட்’ தமிழிலிருந்து போனது. சிங்களத்திலும் சுருட்டுவ என்றுதான் வழங்குகிறது. இலையோ அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்தது. 1492 நவம்பரில் கொலம்பஸ் கியூபாவின் உள்நாட்டுக்கு இருவரை அனுப்பினார். அங்குள்ள மக்கள் கொள்ளிக்கட்டையைக் கையிலெடுத்துக்கொண்டு இலைச் சுருளைப் புகைத்தபடி நடப்பதை அவர்கள் கண்டார்கள். அந்த இருவரில் ஒருவர் லூயிஸ் டி டொரஸ், அரபு தெரிந்த மொழிபெயர்ப்பாளர். கீழைத்தேசத்துக்குப் போய்ச் சேருவோம், அரபு பேசுபவர்களைக் காண்போம் என்ற நம்பிக்கையில் கூட்டிச்சென்றிருந்தார்கள். அரபு அங்கே பயன்படவில்லை. இலை மட்டும் அரபு நாடுகளுக்குப் பின்னர் போய்ச் சேர்ந்தது. போன இடத்தில் சும்மா இருந்ததா? துருக்கி சுல்தான் நான்காம் முராத் 1633இல் தடைசெய்து மரண தண்டனை விதித்தார். திமஷ்க் நகரத்து அறிஞர் அப்துல் கனீ அந்நாபுலுஸீயோ (1641 - 1731) புகைத்தல் ஆகுமென்று தனி நூலே எழுதினார். எங்கள் ஊர்ப் பள்ளித் திண்ணையிலும் இந்த வழக்கு ஓயாமல் நடந்தது. ஹராம் என்றார் ஒரு மௌலவி, மக்ரூஹ் என்றார் மற்றவர். மூத்தாப்பா இரண்டு பக்கத்தையும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி, மஃரிப் தொழுகை எல்லாம் முடிந்த பிறகுதான் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார். பாங்கு சொன்ன மறுநிமிடம் பீடிக்கு ஓடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

1990 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் எனக்குப் பத்து வயது. மாரி வெள்ளாமை பால் பிடித்த காலம். பன்றிக்கும் யானைக்கும் காவலிருக்க மூத்தாப்பா வட்டைக்குப் போனபோது, பற்ற வைக்கும் வேலைக்காக என்னையும் சனி, ஞாயிறுகளில் கூட்டிப்போனார். பரணுக்கு மேலே வைக்கோல் கூரை. ஆகவே பரணில் நெருப்புப் பெட்டி கொண்டுபோகக் கூடாது. கீழே வீரை விறகில் மூட்டிய தீயில் பற்ற வைத்து, சுவாலை இல்லாத சுருட்டை மட்டும் மேலே கொடுக்க வேண்டும். அடுத்த வரம்புக்கு அப்பால் ஒரு தமிழரின் வயல். மூத்தாப்பாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ‘காக்கா’ என்பார் அவர், ‘தம்பி’ என்பார் இவர். அவருடைய பரணிலும் ஒரு சுருட்டு எரியும்.

இருட்டில் அந்தச் சிவப்புப் பொட்டுத்தான் பேச்சு. ஒருவர் இழுத்தால் பொட்டுப் பிரகாசிக்கும். சற்று நேரத்தில் மற்றப் பரணிலும் பிரகாசிக்கும். இரண்டு பேரும் விழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பதில் வராவிட்டால் மூத்தாப்பா கூப்பிட்டுப் பார்ப்பார். “தம்பீ, உறங்கிட்டீங்களா?” அங்கேயிருந்து சிரிப்பு வரும். “நெருப்பு நூந்து போச்சு காக்கா, பேரனை அனுப்புங்க.” நான் சிரட்டையில் தணலேந்திக்கொண்டு வரம்பில் நடப்பேன். அந்த இருட்டில் பாம்புக்குப் பயந்தேனே தவிர மனிதருக்குப் பயந்ததாக ஞாபகமில்லை.

அவ்வருடம் ஜூனில் போர் மறுபடி மூண்டது. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். அடுத்து ஏறாவூர். அதே ஓகஸ்டில்தான் வீரமுனையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். வட்டைக்குப் போவது நின்றது. போனவர்களில் சிலர் வரவில்லை. எங்கள் பத்து ஏக்கரும் பற்றைக் காடாகியது.

யாழ்ப்பாணப் பாதை அடைபட்டதும் சுருட்டும் அருமையாகிவிட்டது. மூத்தாப்பா ஒரு சுருட்டை மூன்றாகப் பிரித்து நாள் முழுவதும் வைத்திருந்தார். பாதியில் அணைத்ததை மறுபடி பற்ற வைப்பது தனிக் கலை. பழைய சாம்பலை முழுதாய்ச் சுரண்டி எடுத்து, முனையைப் புதிதாய்க் காய்ச்சி, அவர் வெளியே ஊதும் ஊதலை இரண்டாக்க வேண்டும். இல்லாவிட்டால் தார்க் கசப்பு. ஒரு பக்கம் ஓடி எரிந்தால், எரியாத பக்கத்தைக் கீழே திருப்பிப் பிடிக்கச் சொல்வார். கீழ்ப்பக்கம்தான் விரைவாக எரியும்.

இரவில் சிக்கல் வேறு. ஊரெல்லைகளில் ஆட்கள் காவலிருந்த காலம். இருட்டில் தெரியும் சிவப்புப் பொட்டுக்கு வெடி வைக்கலாம் என்று சொல்லி, காவலில் நின்றவர்கள் சிகரெட்டை உள்ளங்கைக்குள் மறைத்துக் குடிக்கப் பழகினார்கள். வளவுக்குள் இருந்த மூத்தாப்பாவுக்கும் அந்தக் கட்டளை வந்தது. நடுங்கும் கைக்குள் நெருப்பை மறைப்பதெப்படி? நான் ஒரு சிரட்டையின் கண்ணைக் குடைந்து, சுருட்டின் எரியும் முனை சிரட்டைக்குள் இருக்கும்படி செருகிக் கொடுத்தேன். வெளிச்சம் தெரியவில்லை. அவர் இரண்டு இழுவை இழுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். “கண்ணால பாக்காம குடிக்கிறது என்ன சுருட்டு மனே” என்றார். அன்றிலிருந்து இஷாவுக்குப் பிறகான சுருட்டை விட்டுவிட்டார். எந்த மௌலவியாலும் முடியாத காரியம்.

மற்ற இரண்டையும் விடவில்லை. 1997இல் கீழுதட்டின் உட்பக்கம் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. வெற்றிலையா, சுருட்டா என்று வைத்தியர் கேட்டார். இரண்டும் என்றோம். புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயோடு விட்டுவிடுகிறேன், எனக்கு ஒன்றும் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். வாயோடு நிற்கும் புகை வாயைத்தான் தின்னும். இலங்கையில் ஆண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் இன்றைக்கும் வாய்ப்புற்றுநோய்தான், அதற்கு வெற்றிலை பாக்கும் புகையிலையும்தான் முதற்காரணம். மஹரகமவுக்கு நாலு முறை கொண்டுபோனோம். அடுத்த வருடம் மௌத்தாகிப்போனார். கடைசி மூன்று மாதமும் சுருட்டைக் கேட்கவில்லை. மணம் மட்டும் வேண்டுமென்று ஒருநாள் சொன்னதாக உம்மா சொல்வார். யார் அதைச் செய்து கொடுத்தது என்று உம்மா சொல்வதில்லை. வாப்பாவாகத்தான் இருக்க வேண்டும்.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்து, வாப்பாவும் நானும் வயலைப் பார்க்கப் போனோம். வரம்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. அடுத்த வயல்காரர் அதற்கு முன்பே வந்து பற்றை வெட்டத் தொடங்கியிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. வாப்பாவைத் தெரிந்தது.

“காக்கா?” என்று கேட்டார்.

வாப்பா சொன்னார். அவர் தலைத்துண்டை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். தன் மூத்த மகனும் 1990இலேயே போய்விட்டதாகச் சொன்னார். எப்படி என்று வாப்பா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு மடியிலிருந்து சுருட்டை எடுத்தார். குச்சியை உரசி, மருந்து எரிந்து முடியும்வரை பார்த்திருந்து, முனையை உருட்டி உருட்டிக் காய்ச்சினார். அவசரமில்லை. ஓரத்தில் சாம்பல் வளையம் விழுந்தது, ஊதிப் பார்த்தார், வெளியே ஒரு ஊதல் ஊதினார், இழுத்தார். எல்லாம் முறைப்படி.

பிறகு எரியும் முனையை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார். நேரம் பகல் பதினொரு மணி, வெட்டவெளி, வெயில் கொளுத்துகிறது. எந்த வாய்க்காலைப் பொதுவில் வெட்டுவது, வட்டை விதானையாக இனி யாரைப் போடுவது என்று வாப்பாவோடு பேசத் தொடங்கினார். சுருட்டு முடியும்வரை கையைத் திறக்கவில்லை.