முப்புரிக் கயிறு

சில ஆண்டுகளுக்கு முன், என் பங்கைச் சேர்ந்த ஏழைத் தாய் ஒருவர், நெல் அவிக்கும் கொப்பரை சரிந்து வலக்கை முழுதும் வெந்து மருத்துவமனையில் கிடந்தார். நான் காணச் சென்ற வேளையில், மருத்துவர் அந்தப் புண்ணின்மீது மெல்லிய தாள் போன்ற ஒன்றைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

“சாமி, இந்தக் கையால இனிமே பாத்திரம் தூக்குவேனா?” என்று அத்தாய் வினவினார். எனக்கு விடை தெரியவில்லை. செபித்துவிட்டு வெளியே வந்து, அத்தாள் யாது என மருத்துவரிடம் கேட்டேன். “கொலாஜன், ஃபாதர். மாட்டின் உடலிலிருந்து எடுத்துத் தூய்மை செய்தது. புதுத்தோல் வளரும் வரை புண்ணைக் காக்கும்” என்றார்.

உயிருடலின் பொருளையும் மனிதனின் கைத்திறனையும் இணைக்கும் ஆய்வுகள் இன்று உலகெங்கும் நடைபெறுகின்றன. கொலாஜன்மீது உயிரணுக்களை வளர்த்துத் தோலாக்குவதும் அவற்றுள் ஒன்று. ஆனால், அப்பொருளின் அமைப்பை முதலில் ஒருவர் அறிந்து சொல்ல வேண்டியிருந்தது. சொன்னவர் ஜி. என். இராமச்சந்திரன்.

1922இல் எர்ணாகுளத்தில் பிறந்த அவர், பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று திரும்பி, 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். அப்போது வயது ஏறத்தாழ முப்பதே. அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியால் கங்காரு வாலின் தசைநார் கிடைத்தது. அதனை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்து, கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் தம் முடிவை வெளியிட்டார். மறு ஆண்டே அதனைத் திருத்திச் செம்மை செய்தார். கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது. ஒவ்வோர் இழையும் இடப்புறம் முறுக்கியது. மூன்றும் சேர்ந்து வலப்புறம் முறுக்கியவை.

இதைப் படித்தபோது என் தந்தையை நினைத்தேன். தென்னை நாரில் கயிறு திரிக்கையில், அவர் புரிகளை ஒரு பக்கமாக முறுக்கி, மூன்றையும் எதிர்ப்பக்கமாகச் சேர்ப்பார். அப்போதுதான் கயிறு பிரியாது. படிப்பறியாத அக்கைகள் அறிந்திருந்த அதே முறை நம் ஒவ்வொருவர் தோலிலும் எழும்பிலும் இருக்கிறது!

அம்முடிவை மேலைநாட்டு அறிஞர்கள் ரிச்சும் கிரிக்கும் குறை கண்டனர். அணுக்கள் சில இடங்களில் அளவுமீறி நெருங்கியுள்ளன என்பது அவர்கள் வாதம். அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்னும் கேள்வியை இராமச்சந்திரன் விடவில்லை. இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட விடையே ‘இராமச்சந்திரன் வரைபடம்’. ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டதாகக் கூறுவோர் இன்றும் அவ்வரைபடத்தில் அதனைச் சரிபார்க்கின்றனர். குறை கூறப்பட்ட இடத்திலேயே நிலைத்து நின்றதால் விளைந்த நன்மை இது. சிறு கண்டனத்திற்கே மனம் சோரும் என்னை இது நாணச் செய்தது. 2001இல் அவர் சென்னையில் காலமானார்.

சில திங்கள் கழித்து அத்தாய் கோவிலுக்கு வந்தார். விரல்கள் முழுமையாக மடங்கவில்லை. ஆயினும் நீர்க்குடத்தைத் தூக்க முடிகிறது என்றார். பேராசிரியரைப் பற்றிச் சொன்னேன்.

“அவரு எந்த ஊரு, சாமி?”

“அவர் பெயரின் முன்னுள்ள ‘ஜி’, கோபாலசமுத்திரம் அம்மா. பத்தமடைக்கு அருகே அப்பெயருள்ள ஊர் உண்டே.”

வடுப்பட்ட கையைச் சற்றே பார்த்தார். “அப்போ நம்ம ஆத்துத் தண்ணி குடிச்ச குடும்பம்” என்று சொல்லி, அக்கையாலேயே சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.