எட்டு மணி நேரமும் இரண்டு விழுக்காடும்

மார்ச்சு மாதம் 3-ஆம் நாள் இரவில் ஜாம்ஷெட்பூரைக் கண்டவர்கள் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். உருக்காலைக்கு வித்திட்ட ஜாம்செட்ஜி டாட்டா 1839-ஆம் ஆண்டு பிறந்த நாள் அது. ஜூபிளி பூங்காவின் மரங்களெல்லாம் விளக்கணிந்து நிற்கும். வட்டச் சாலைகளில் மக்கள் வெள்ளம் அலைமோதும். சிறுவர்களாகிய எங்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வார் அப்பா. கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து, இரண்டு வேட்டியும் ஒரு சிபாரிசுக் கடிதமுமாக, 1942-இல் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர் அவர். ஆலையின் டைம் ஆபீஸில் எழுத்தர் வேலை. கார்த்திகை தீபத்தன்று கோபுரத்தை நோக்கி எவ்வாறு கைகூப்புவாரோ, அவ்வாறே அந்த விளக்குகளுக்கும் கைகூப்புவார். "நமக்குப் படியளக்கிற கம்பெனி" என்பார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் ஒரு பட்டியலை ஒப்பிப்பார். எட்டு மணி நேர வேலை 1912-இல் வந்தது. இலவச மருத்துவம் 1915-இல். சம்பளத்துடன் விடுப்பும் சேமநிதியும் 1920-இல். பேறுகாலச் சலுகை 1928-இல். இலாபத்தில் பங்கு 1934-இல். ஓய்வுக்காலப் பணிக்கொடை 1937-இல். எங்களுக்குப் பெருக்கல் வாய்பாட்டைவிட இது நன்றாக மனப்பாடம். பிற்காலத்தில் நூல்களைப் புரட்டியபோது அப்பாவின் பட்டியலில் ஓர் ஆண்டும் பிசகவில்லை என்று கண்டேன். அமெரிக்காவின் மாபெரும் உருக்குக் கம்பெனி தன் ஆட்களின் பன்னிரண்டு மணி நேர வேலையைக் கைவிட்டது 1923-இல்தான். நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வரம்பு கட்டியது நாற்பதுகளின் பிற்பகுதியில். சட்டம் கேளாத ஒன்றைச் சட்டத்துக்கு ஒரு தலைமுறை முன்பே ஒரு வணிக நிறுவனம் செய்தது என்பது சிறிய செய்தியன்று.

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு வீடு தள்ளி, தொழிற்சங்கத்தில் ஊறிய ஒரு பெரியவர் இருந்தார். பிட்டர் வேலையில் இருந்தவராதலால் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் 'பிட்டர் மாமா'. மாலை வேளைகளில் திண்ணையில்லாத அந்த வீட்டின் படிக்கட்டே திண்ணையாகும். அப்பாவின் பட்டியலை அவர் விடமாட்டார்.

"ஓய், கொடுத்தார்கள் என்று சொல்லாதீர். கொடுக்க நேர்ந்தது என்று சொல்லும். 1920-இல் விடுப்பும் சேமநிதியும் வந்தன என்கிறீரே, அதே 1920-இல் வேலைநிறுத்தம் நடந்து, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயினவே, அது உம்முடைய பட்டியலில் ஏன் இல்லை? 1928-இல் சுபாஷ் சந்திர போஸ் எதற்காக இந்த ஊருக்கு வந்து தொழிலாளர் சங்கத் தலைமையை ஏற்றார், பூங்கா பார்க்கவா?"

"1912-இல் யாருங்காணும் வேலைநிறுத்தம் செய்தது?" என்பார் அப்பா.

"இரும்புலை இரவும் பகலும் அணையாது ஐயா. காட்டின் நடுவே ஆலை. பன்னிரண்டு மணி நேரம் நெருப்பின் முன் நிறுத்தினால் ஆள் நிற்பானா, ஓடுவானா? மூன்று ஷிப்டு வைத்தது இரக்கத்தால் அல்ல, கணக்கால்."

அப்பா அடுத்த அம்பை எடுப்பார். முதல் உலகப் போருக்குப் பின் உருக்கு விலை சரிந்து, சம்பளத்துக்கே பணமில்லாத நிலை வந்தபோது தோராப்ஜி டாட்டா தம் சொந்தச் சொத்தையும் மனைவியின் நகைகளையும் ஈடு வைத்துக் கடன் வாங்கிய கதை அது. இதை மறுக்க மாமாவாலும் இயலாது. ஆனால் அவர் கேட்பார்: "1924-இல் சர்க்கார் வெளிநாட்டு உருக்கின்மேல் காப்பு வரி போட்டதே, அதன் சுமையை யார் தாங்கினார்? நாட்டில் உருக்கு வாங்கினவனெல்லாம் தாங்கினான். கம்பெனியைக் காப்பாற்றியதில் என் பங்கும் உண்டு, உம் பங்கும் உண்டு."

இருவரும் சொன்னவை உண்மையே. இருவரும் சொல்லாத ஒன்றும் உண்டு. சாக்சி என்ற பெயரோடு இங்கே ஓர் ஊர் இருந்தது. சுற்றிலும் சந்தால், ஹோ மக்களின் நிலம் இருந்தது. அகன்ற சாலைகளும் நிழல்மரங்களும் அந்நிலத்தின் மேல்தான் எழுந்தன. அதை அந்தப் படிக்கட்டில் ஒருவரும் பேசியதில்லை. வந்து குடியேறியவர்களாகிய நமக்கு அது கண்ணில் படுவதும் இல்லை. 2006-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் ஒடிசாவின் கலிங்கநகரில் அதே நிறுவனத்தின் புதிய ஆலைக்கு மதில் எழுப்பியபோது, எதிர்த்து நின்ற பழங்குடியினர் பத்துப் பேருக்கு மேல் போலீஸாரின் குண்டுக்குப் பலியாயினர். போலீஸ்காரர் ஒருவரும் மாண்டார். அன்று செய்தித்தாளை மடித்து வைத்தபோது, இரு பெரியவர்களும் உயிரோடிருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று எண்ணினேன்.

கம்பெனிக்கு நெஞ்சு உண்டா என்று ஆராய்வதில் எனக்கு இப்போது ஆர்வமில்லை. நெஞ்சை நாம் காண இயலாது, பேரேட்டைக் காணலாம். முப்பத்திரண்டு ஆண்டுகள் நான் செலவுக் கணக்கனாக இருந்தவன். ஒரு பேரேட்டில் எந்தத் தொகை எந்த வரியில் எழுதப்படுகிறது என்பதே எனக்குத் தெரிந்த சாத்திரம். எட்டு மணி நேர வேலை என்பது செலவுப் பக்கத்தில், இலாபம் கணக்கிடப்படுவதற்கு முன்னரே எழுதப்படுவது. பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை என்பது இலாபம் கண்ட பின்னர் எழுதப்படுவது. இரண்டையும் இன்று 'சமூகப் பொறுப்பு' என்று ஒரே பெயரால் அழைக்கிறோம்.

பொருளியல் அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1970 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையை நம் அறிவாளிகள் பலர் பழித்துரைப்பதுண்டு. கம்பெனியின் கடமை, விதிகளுக்கு உட்பட்டு இலாபம் ஈட்டுவதே. நிர்வாகி பிறர் பணத்தைத் தம் விருப்பப்படி நற்காரியங்களுக்குச் செலவிடுவது, வாக்குப் பெறாத ஒருவர் வரி விதிப்பதற்கு ஒப்பாகும் என்பது அவர் வாதம். சலவைக்கல்லில் இயக்குநர் பெயரைப் பொறித்துத் திறக்கப்படும் கட்டடங்களைக் காணும்போதெல்லாம் அவர் சொன்னது முழுப் பொய்யல்ல என்றே எனக்குத் தோன்றும். ஆனால் 'விதிகளுக்கு உட்பட்டு' என்ற அந்தச் சிறு தொடரை அவர் மிக எளிதாகக் கடந்துவிட்டார். விதி எப்போது வருகிறது, யார் செத்த பிறகு வருகிறது என்பதை நான் ஒரு வார்ப்படச் சாலையில் கண்டேன்.

அது ஆற்றுக்கு அப்பால் இருந்த ஒரு தனியார் ஆலை. பெயர் வேண்டாம். உருகிய இரும்பை மணல் அச்சில் வார்ப்பார்கள். ஆறிய பின் அச்சை உடைத்து மணலை உதிர்க்க வேண்டும். அந்த மேடையில் எழும் தூசியை நேரில் கண்டவர்க்கே அது விளங்கும். பகல் பத்து மணிக்கே மாலை கவிந்தாற்போல் இருக்கும். பெரிய துகள்கள் கீழே படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்களே நுரையீரலில் புகுந்து தங்கித் தழும்பேற்றும். சிலிக்கோசிஸ் என்ற அந்நோய்க்கு மீட்சியில்லை. இருமலைப் பார்த்துக் காசநோய் என்று மருந்து கொடுப்பவர்களும் உண்டு. உண்மையிலேயே காசநோயும் அதனோடு கைகோத்துக்கொள்வதுண்டு.

எங்கள் பொறியாளர் ஒரு வங்காளி இளைஞர். 1981-இல் அந்த மேடைக்குத் தூசி உறிஞ்சும் சாதனம் வேண்டுமென்று எழுதினார். வழக்கம்போல் காகிதம் என் மேசைக்கு வந்தது. இந்தச் செலவு எத்தனை ஆண்டில் திரும்பும் என்று கணக்கிட்டு எழுதுவது என் வேலை. தூசியைப் பிடிப்பதால் வருமானம் எதுவும் இல்லை. 'திரும்பாத செலவு, அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். நிர்வாகி அப்படியே ஒப்புதல் அளித்தார். அடுத்த ஆண்டும் அதே காகிதம், அதே குறிப்பு. மூன்றாம் ஆண்டு பொறியாளர் நேரில் வந்து நின்றார். "நீங்கள் ஒரு முறை அந்த மேடைக்கு வந்து பார்க்கக் கூடாதா?" என்றார். போனேன். சைபாசாப் பக்கத்து ஹோ இனத்தவர் ஒருவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சம்மட்டியோடு நின்றார். என்னைவிட வயதில் இளையவர். என்னைக் கண்டதும் துண்டை அவிழ்த்து, "பாபு, இங்கே நிற்காதீர்கள், சட்டை பாழாகும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. நான் திரும்பி வந்து அவ்வாண்டும் அதே குறிப்பைத்தான் எழுதினேன்.

அதே ஆண்டில் எங்கள் ஆலை பக்கத்துக் கிராமத்துக்கு ஒரு நூலகக் கட்டடம் வழங்கியது. திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். ஜிலேபி நன்றாக இருந்தது. நிர்வாகி கொடியவரல்லர். அந்தக் கிராமத்துப் பிள்ளைகளின்மீது அவருக்கு இருந்த பரிவு நடிப்புமல்ல. ஆனால் நூலகத்துக்கு 'எத்தனை ஆண்டில் திரும்பும்?' என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் வாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பின்னர் விவரங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. வாயுத் தொட்டியைக் குளிர்விக்க வேண்டிய இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துப் போக்க வேண்டிய கோபுரம் பழுதுபார்ப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. உலகம் அவற்றைப் படித்துத் திகைத்தது. எனக்குத் திகைப்பு வரவில்லை. அந்தக் குளிரூட்டியை நிறுத்தலாம் என்ற காகிதமும் யாரோ ஒரு கணக்கனின் மேசையைக் கடந்துதான் போயிருக்கும், அவனும் என்னைப் போல் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருப்பான் என்ற எண்ணமே வந்தது. 1989-இல் 47 கோடி டாலர் என்று அந்த வழக்கு தீர்க்கப்பட்டது. அது போதாதென்று கூடுதல் இழப்பீடு கோரிய மத்திய அரசின் மனுவை உச்ச நீதிமன்றம் 2023-இல் தள்ளுபடி செய்தது.

போபாலுக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயத் தொழில்கள் என்று அதன் அட்டவணையில் சேர்க்கப்பட்டவற்றுள் வார்ப்படச் சாலையும் ஒன்று. மறு ஆண்டு ஆய்வாளர் வந்தார், மேடையைப் பார்த்தார், ஓர் உத்தரவு எழுதினார். ஏழு ஆண்டுகளாக நான் தேடிக் கிடைக்காத பணத்தை ஒரே மாதத்தில் தேடிக் கொடுத்தேன். ஆலை நலியவில்லை. அவ்வாண்டும் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை கொடுத்தோம்.

பிட்டர் மாமாவின் பக்கம் நான் முழுதும் சாய்ந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். யாரும் கேளாதபோதே சிலர் செய்ததுண்டு. 1912 அதற்குச் சான்று. அதற்கு ஒரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. டாட்டா குழுமத்தின் தாய் நிறுவனத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அறக்கட்டளைகளின் கையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலாபத்தை எண்ணிப் பார்க்கும் அவசரம் அத்தகைய உடைமையாளர்க்குச் சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆயினும் தொண்ணூறுகளில் போட்டி நெருக்கியபோது அந்த உருக்காலையும் ஏறத்தாழ 78,000 பேரைப் பாதியாகக் குறைத்தது. விலகியவர்களுக்குப் பல ஆண்டுகள் மாதப்பணம் கொடுத்துத்தான் குறைத்தது. அப்பா அப்போது இருந்திருந்தால் பின் வாக்கியத்தை மட்டும் சொல்லியிருப்பார். மாமா முன் வாக்கியத்தை மட்டும்.

2013-இல் புதிய கம்பெனிச் சட்டம் வந்தது. அதன் 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொடக்கத்தில் செலவிடாதவர் காரணம் சொன்னால் போதும் என்றிருந்தது. 2021 முதல் செலவழியாத தொகையைத் தனிக் கணக்குக்கோ அரசு நிதிக்கோ மாற்றியாக வேண்டும். இதனால் எத்தனையோ பள்ளிகளுக்குக் கழிப்பறையும் கிராமங்களுக்குக் குடிநீரும் கிடைத்திருக்கின்றன. குறை சொல்ல நான் யார்?

என் பேத்தி புனேயில் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்புத் துறையில் பணியாற்றுகிறாள். சென்ற மார்ச்சில் வந்திருந்தாள். விளக்குகளைப் பார்க்கப் போனோம். கூட்டத்திலிருந்து விலகி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபோது, இதுவரை வீட்டில் எவரிடமும் சொல்லாத அந்த மூன்று குறிப்புகளைப் பற்றி அவளிடம் சொன்னேன். அவள் உடனே தொழில் முறையில் சிந்திக்கத் தொடங்கிவிட்டாள்.

"இன்றைக்கு அந்தச் சாதனத்தை வாங்கினாலும் எங்கள் இரண்டு விழுக்காட்டில் எழுத முடியாது, தாத்தா. சொந்தத் தொழிலாளருக்கு மட்டும் பயன்படுவதை விதி சேர்த்துக்கொள்ளாது."

"சேர்க்கவும் கூடாது அம்மா. அது தர்மமல்ல, செலவு."

"நீங்கள் எந்தத் தலைப்பில் எழுதினீர்கள்?"

"'ஆய்வாளர் உத்தரவின்படி' என்று."

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்தச் சம்மட்டிக்காரர் என்ன ஆனார்?" என்று கேட்டாள்.

சாதனம் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1986-இல், அவர் கணக்குத் தீர்த்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். சேமநிதிப் படிவத்தில் கைநாட்டு வைக்க என் அறைக்குத்தான் வந்தார். இருமலில் கை நடுங்கிற்று. அவர் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றிக் காகிதத்தில் பதித்தவன் நான்தான் என்று அவளிடம் சொன்னேன்.