பில்லில் இல்லாத வரி

ஜூலை 14, 2024, ஞாயிறு

பணம் கட்டிவிட்டேன், முதல் செமஸ்டருக்கு மட்டும். ஆன்லைன் எம்.பி.ஏ., மருத்துவமனை மேலாண்மை. பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள் எம்.எஸ்சி. நர்சிங் படிக்காமல் இதற்கு ஏன் போகிறாய் என்று அக்காவுக்குக் குறை. எம்.எஸ்சி. என்றால் வேலையை விட்டு இரண்டு வருடம் காலேஜுக்குப் போக வேண்டும். நர்சிங்கை ஆன்லைனில் நடத்த யு.ஜி.சி.யின் 2020 விதிமுறைகள் இடம் தரவில்லை. அது சரிதான். லேப்டாப்பில் ஊசி போடக் கற்றுக்கொண்டு வருகிறவளிடம் நானே கையை நீட்ட மாட்டேன். மேலாண்மைக்கு அந்தத் தடை இல்லை. வீட்டுக் கடனையும் பையனின் ஸ்கூல் ஃபீஸையும் வைத்துக்கொண்டு சம்பளத்தை விட முடியாது.

போன் நம்பர் கொடுத்த நாளிலிருந்து ஏஜென்ட்டுகள் தொல்லை. "எக்ஸாம் பத்திக் கவலையே படாதீங்க மேடம், நாங்க பாத்துக்குறோம்" என்றான் ஒருவன். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்புக்கு அனுமதி உண்டு என்று பட்டியல் போட்டிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் சேர்ந்தேன்.

ஆகஸ்ட் 22

நைட் டியூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு நர்ஸ், பொது வார்டில் ஆறு பேருக்கு ஒரு நர்ஸ். என்.ஏ.பி.எச். தரச்சான்று ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்க்கும் கணக்கு இது. நேற்று இரவு எனக்கும் சரியாக ஆறு பேர்தான். காகிதத்தில் குறையே இல்லை.

ஒருவருக்கு ரத்தம் ஏற்ற ஆரம்பித்தோம். முதல் பதினைந்து நிமிடம் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. நடுக்கம், தடிப்பு, மூச்சுத்திணறல் எதுவானாலும் பெரும்பாலும் அப்போதுதான் தலைகாட்டும். அதே நேரத்தில் மூன்றாவது படுக்கைப் பெரியவர், ஊரில் மாட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு சிறுநீர்க் குழாயோடு இறங்கப் பார்க்கிறார். இன்னொருவருக்கு இன்சுலின் பம்ப், மணிக்கொரு முறை சுகர் பார்க்க வேண்டும். மறுநாள் வீட்டுக்குப் போகிற இருவர் குறட்டை விட்டுத் தூங்கினார்கள். அவர்களும் இந்த ஆறில்தான் சேர்த்தி. ரத்தம் ஏறுகிறவரின் கையைப் பிடித்தபடியே, "ஐயா, மாட்டை உங்க மகன் கட்டிட்டாராம், போன் வந்துச்சு" என்று சத்தம் போட்டுச் சொன்னேன். படுத்துக்கொண்டார்.

இதை எந்த ரோஸ்டரில் எழுதுவது?

அக்டோபர் 9

நிறுவனக் கணக்கியல். தேய்மானம் என்னைப் படுத்துகிறது. மானிட்டருக்கு வருடா வருடம் தேய்மானம் போடுகிறார்கள்; நர்சின் முதுகுக்கு ஒரு பத்தி கிடையாது. (வீடியோ வகுப்பில் இதைக் கேட்கலாமா என்று நினைத்தேன். அந்தப் பேராசிரியர் சிரிக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை.)

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் பில்லில் டாக்டர் ஃபீஸ் தனி வரி. லேப், ஸ்கேன், மருந்து எல்லாம் தனித்தனி வரி. நர்ஸ் செய்வது முழுக்க அறை வாடகைக்குள் போய்விடுகிறது, ஃபேன், கட்டில், தலையணையோடு சேர்ந்து. ஆனால் செலவுக் கணக்கில் எங்கள் சம்பளம் பெரிய எழுத்தில் நிற்கிறது. வரவுப் பக்கம் கண்ணில் படாதவர்கள், செலவுப் பக்கம் பளிச்சென்று தெரிகிறவர்கள். செலவைக் குறைக்க உட்காருகிறவரின் பேனா முதலில் எங்கே போய் நிற்கும் என்று கேட்கவே வேண்டாம். இத்தனை வருடம் இதை ஆள்களின் மனக்கோணலாக நினைத்திருந்தேன். பாதி, கணக்கு எழுதும் விதம்.

டிசம்பர் 20

ஆன்லைன் தேர்வு. வெப்கேமராவைச் சுற்றிக் காட்டி, அறையில் வேறு யாரும் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். மேசைக்கு அடியையும் காட்டச் சொன்னார்கள். அத்தை பாதியில் காபியோடு உள்ளே வர, திரையில் எச்சரிக்கை வந்தது. "யாரு அந்தப் பிள்ளை, முறைக்குது?" என்று அத்தை கேட்டது பதிவாகியிருக்கும். பாஸாகிவிடுவேன்.

பிப்ரவரி 6, 2025

இந்த வாரப் பாடம் அரவிந்த் கண் மருத்துவமனை. 1976-இல் டாக்டர் வெங்கடசாமி மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் 1993-இல் அதைப் பற்றி எழுதிய ஆய்வு, உலகத்தைச் சுற்றிவிட்டு மறுபடி மதுரைக்காரியின் லேப்டாப்புக்கு வந்திருக்கிறது.

வகுப்பில் எல்லோரும் டாக்டரின் தொலைநோக்கையும் குறைந்த செலவையும் பேசினார்கள். கிராமத்திலிருந்து வந்து அங்கே இரண்டு வருடம் பயிற்சி எடுத்த பெண்களைப் பற்றித்தான் நான் தேடித்தேடிப் படித்தேன். கண் பரிசோதனை, ஆபரேஷனுக்கு ஆயத்தம், பின் கவனிப்பு எல்லாம் அவர்கள் கையில். சர்ஜன் ஆபரேஷன் மட்டும் செய்கிறார், அதனால்தான் ஒரு நாளில் அத்தனை பேருக்குச் செய்ய முடிகிறது. இதை அப்படியே எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொருத்தலாம் என்று ஒருவர் விவாதத்தில் எழுதியிருந்தார். நான் ஒப்பவில்லை. கண்புரை தேதி குறித்துக்கொண்டு வரும். எங்கள் வார்டுக்கு வருவது எதுவும் நாள் பார்த்து வருவதில்லை.

ஏப்ரல் 17

ப்ராஜெக்ட்டுக்கு டிஸ்சார்ஜ் தாமதத்தை எடுத்திருக்கிறேன். காலை ஒன்பதரைக்கு ரவுண்ட்ஸில் டாக்டர் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். நோயாளி லிஃப்ட் ஏறும்போது மாலை நாலரை. உசிலம்பட்டியிலிருந்து வந்த கார் கீழே வெயிட்டிங் சார்ஜோடு நிற்கும். "ஏத்தா, டாக்டரே போகச் சொல்லிட்டாரு, நீ ஏன் விட மாட்டேங்குற?" என்று ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது. விடாமல் வைத்திருப்பவள் நான் என்றுதான் அதன் எண்ணம். கண்ணுக்குத் தெரிகிற ஆள் நான்தானே.

எங்கள் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "இன்சூரன்ஸ் அப்ரூவல் வரல." காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே சுற்றறிக்கை, டிஸ்சார்ஜ் கோரிக்கை கிடைத்த 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும், தாமதத்தால் ஆஸ்பத்திரியில் கூடும் கட்டணம் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு என்கிறது. ஆனால் அந்தக் கடிகாரம் நாங்கள் கோரிக்கை அனுப்பிய பிறகுதான் ஓடும். ஒவ்வொரு படிக்கும் நேரம் குறித்துப் பார்த்தேன். கோரிக்கை எங்களிடமிருந்து கிளம்பவே மதியம் ஒன்றாகிறது. சம்மரி எழுத வேண்டிய டியூட்டி டாக்டர் தியேட்டரில் இருப்பார். மிச்ச மருந்து பார்மசிக்குத் திரும்பிப் போய் வரவு வைத்தால்தான் பில் முடியும். ஃபைல் மேசையில் கிடக்கும்.

ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த ஒரு சூத்திரம் பாடத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது, வருகிற வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: ஒரு நாளைக்கு 15 பேர் டிஸ்சார்ஜ், ஆளுக்கு 4 மணி நேரம் வீணாகிறது. மொத்தம் 60 மணி நேரம், அதாவது எந்நேரமும் இரண்டரைப் படுக்கை யாருக்கும் பயனில்லாமல் நிரம்பியிருக்கிறது. கீழே எமர்ஜென்சியில் ஸ்ட்ரெச்சரிலேயே படுத்திருப்பவருக்கு வேண்டியது அதில் ஒன்றுதான்.

மே 12

நர்சுகள் தினம். கேக், மெழுகுவர்த்தி, உறுதிமொழி. நைட்டிங்கேல் அம்மையார் 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தில் உறுப்பினரான முதல் பெண் என்பதை எந்த மேடையிலும் சொல்வதில்லை. விளக்கு மட்டும் போதும் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

அடுத்த மாதத்திலிருந்து குவாலிட்டி பிரிவுக்கு மாற்றுகிறார்கள். நைட் அலவன்ஸ் போய்விடும், கையில் வருவது கொஞ்சம் குறையும். "தப்பிச்சுட்டீங்கக்கா" என்றாள் கூட வேலை பார்க்கும் பெண், பொறாமை இல்லாமல். "மேல போயி எங்களுக்கே சர்க்குலர் அனுப்பாதீங்க."

ஜூன் 25

என் ப்ராஜெக்ட்டைப் பார்த்துவிட்டு மேனேஜ்மென்ட் மீட்டிங்குக்கு அழைத்தார்கள். முதல் நாள் மாலையே சம்மரியின் வரைவைத் தயாராக்குவது, மிச்ச மருந்தை இரவிலேயே பார்மசிக்குத் திருப்புவது, காலை பத்துக்குள் கோரிக்கை அனுப்புவது என்று மூன்று யோசனை. ஒரு தளத்தில் ஒரு மாதம் செய்து பார்க்கச் சம்மதம். மெட்ரன் மேடம் மட்டும் கேட்டார், "நைட்ல இதை யாரு செய்வா?" சரியான கேள்வி. மருந்தை எண்ணித் திருப்புவது அந்த ஆறு பேரைப் பார்க்கிற பெண்தான். பார்மசி ஆள் வார்டுக்கு வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கேயே மாற்றி எழுதினேன்.

மீட்டிங் முடிகிற நேரத்தில் நிதி மேலாளர், "நைட்ல தளத்துக்கு ஒருத்தரைக் குறைக்க முடியுமான்னு பாத்துச் சொல்லுங்க சிஸ்டர், உங்களுக்குத்தான் வார்டு தெரியும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பில்லில் தெரியாத வரி அவருக்கும் தெரியாது.

ஜூன் 29

பதில் அனுப்பினேன். லிண்டா ஐக்கனும் அவர் குழுவும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டது: ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினால், ஆபரேஷனுக்கு வந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அது அமெரிக்கா என்று சொல்வார்கள் என்று தெரியும். அதனால் எங்கள் தளத்துக்கும் ஒரு தாள் வேண்டும். யாருக்கு ரத்தம் ஏறுகிறது, யாருக்கு மணிக்கொரு சுகர், யார் படுக்கையிலிருந்து இறங்கி ஓடுவார், யார் சும்மா தூங்குவார் என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் இன்சார்ஜ் சிஸ்டர்கள் டிக் அடிக்க ஒரு பக்கப் படிவம் போட்டிருக்கிறேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது, ஆகிவிட்டால் யாரும் நிரப்ப மாட்டார்கள். நாளை இரவு எட்டு மணி ஹேண்ட்ஓவருக்கு நானே போய் முதல் தாளை நிரப்பப் போகிறேன். செப்டம்பர் மீட்டிங் வரை ஆள் குறைப்புப் பேச்சு வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். நிதி மேலாளரிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது: "ஆகஸ்ட்டுக்குள் முடியுமா?"