பச்சைத் தண்ணீர் ஸ்நானம்

பச்சைத் தண்ணீரில் குளிப்பவர்களிடம் ஒரு குறை உண்டு. குளிப்பதோடு அவர்கள் நிற்பதில்லை. குளித்த கதையைப் பிறருக்குச் சொல்லாமல் அவர்களுக்குத் தலை உலர்வதில்லை. இரண்டு வருஷ காலமாக நாமும் அந்தக் கோஷ்டியில் சேர்ந்துவிட்டபடியால், நேயர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். சென்னைப் பட்டணத்தில் பச்சைத் தண்ணீரில் குளிப்பது பெரிய வீரச் செயல் அன்று. இங்கே கிணற்று ஜலம் வருஷம் முழுவதும் ஏறக்குறைய 28 டிகிரிச் சூட்டில் இருக்கிறது. மார்கழி விடியற்காலையில், வெளிக்காற்று 20 டிகிரிக்கு இறங்கியிருக்கும் சமயத்தில், கிணற்றில் மொண்ட தண்ணீர் வெதுவெதுப்பாகத் தோன்றும் ரகசியம் இதுதான். சித்திரை மாதத்துப் பிற்பகலில் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் 'பச்சைத் தண்ணீரில்' காப்பியே கலந்துவிடலாம். ஐரோப்பியர் குளிர்ந்த ஜலம் என்று சொல்லுவது 10, 15 டிகிரித் தண்ணீரை. அவர்களுடைய புஸ்தகங்களைப் படித்துவிட்டு நாம் மார் தட்டிக்கொள்வது நியாயமாகாது. ஆயினும், நம் தோலின் சூடு சுமார் 33 டிகிரி. தண்ணீரோ காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுத்துக்கொள்ளக்கூடியது. ஆகவே முதற் செம்பு தோளில் விழும்போது மூச்சு ஒரு கணம் நின்று திரும்புவது என்னவோ உண்மைதான்.

ஜல சிகிச்சைக்கு மேல்நாட்டில் பெரிய பரம்பரையே உண்டு. பவேரியா தேசத்துப் பாதிரியார் ஸெபாஸ்டியன் க்னைப் (1821–1897) இளமையில் க்ஷயரோகத்தால் வருந்தி, டான்யூப் நதியின் குளிர்ந்த நீரில் மூழ்கி எழுந்தே பிழைத்ததாகச் சொல்லிவந்தார். லைப்ஸிக் நகரத்து லூயி கூனேயின் தொட்டி ஸ்நானத்தில் காந்தியடிகளுக்கு இருந்த நம்பிக்கை பிரசித்தம். 1902-ல் பம்பாயில் அவருடைய குமாரர் மணிலால் விஷ ஜுரத்தில் கிடந்தபோது, டாக்டர் முட்டையும் கோழிச் சாறும் கொடுக்கச் சொன்னார். காந்தியடிகள் மறுத்துவிட்டு, கூனே முறைப்படி மூன்று நிமிஷத்துக்கு மேற்படாமல் தொட்டியில் உட்காரவைத்து, ஆரஞ்சுச் சாறு கொடுத்தார். ஜுரம் 104 டிகிரிக்கு ஏறிய இரவில் பிள்ளையை ஈரத் துணியில் சுற்றிவிட்டு, சௌபாத்திக் கடற்கரையில் ராமநாமம் ஜபித்துக்கொண்டு அவர் நடந்த நடையைச் சத்திய சோதனையில் படிக்கும்போது, பிள்ளை பிழைத்தது தெரிந்திருந்தும் நமக்கு நெஞ்சு பதைக்கிறது. ஆனால் அந்தத் துணிச்சல் காந்தியடிகளுடையது. இதை ஆதாரமாகக் காட்டி ஜுரக்காரர்களைக் குழாயடிக்கு அனுப்ப நாம் சம்மதியோம்.

ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுவது இன்னும் வேடிக்கை. ஹாலந்து தேசத்தில் 3,018 பேரை வைத்து நடத்திய பரிசோதனை ஒன்று 2016-ல் வெளியாயிற்று. வெந்நீர்க் குளியலின் முடிவில் 30, 60 அல்லது 90 விநாடி குளிர்ந்த நீரில் நிற்பது. இப்படி முப்பது நாள். அவ்விதம் நின்றவர்கள் நோய் என்று சொல்லி வேலைக்குப் போகாதிருந்தது 29 சதவிகிதம் குறைந்ததாம். நோய் கண்ட நாட்கள் மட்டும் குறையவில்லை! அதாவது, ஜலதோஷம் வருகிறபடி வந்துகொண்டுதான் இருந்தது; மனிதர்கள் படுத்துக்கொள்ளவில்லை. 30 விநாடிக்கும் 90 விநாடிக்கும் பலனில் வித்தியாசமும் இல்லை. நம் அநுபவமும் கிட்டத்தட்ட இதுவே. இளைத்தோமா என்றால், இல்லை. காலையில் சோம்பல் பறந்துவிடுகிறது. பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு பத்து மணி வரையில் உட்கார்ந்திருக்கத் தோன்றுவதில்லை. இதுவே நமக்குப் போதும்.

நமக்கு உண்மையில் கவலை தந்தது நம் தகப்பனாருடைய ஸ்நானம். அவருக்கு வயது எழுபத்தெட்டு. மாயவரத்தில் காவேரிக் கரையில் வளர்ந்தவர். எண்ணெய் ஸ்நானம் தவிர வெந்நீரைத் தொட்டறியாதவர். சென்ற கார்த்திகையில் அவருக்கு மார்வலி கண்டது. இருதயத்தின் இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய டாக்டர், பச்சைத் தண்ணீர் கூடாது என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். திடீரென்று குளிர்ச்சி பட்டால் தோலிலுள்ள நாளங்கள் சுருங்குகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது, நாடி துரிதப்படுகிறது. வாலிபனுக்கு விளையாட்டாயிருக்கும் இந்தச் சுமை, பழுதுபட்ட இருதயத்துக்கு ஆபத்தாக முடியலாம்.

"ஐம்பது வருஷம் காவேரியில் முழுகினவனுக்கு இந்தக் கொதிநீர் எதற்கடா?" என்றார் அவர்.

நாமும் காவேரியையே சாட்சிக்கு இழுத்தோம். "படித்துறையில் எடுத்த எடுப்பில் தலை முழுகுவீர்களா, அப்பா? கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று படிப்படியாகத்தானே இறங்குவீர்கள்?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் டாக்டரிடம் தாமே பேசி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு வந்தார்: வெதுவெதுப்பான ஜலம்; காலிலிருந்து ஆரம்பம்; கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை; கடைசியில் முழங்காலுக்குக் கீழே மட்டும் ஒரே ஒரு செம்பு பச்சைத் தண்ணீர்.

இப்போது தினந்தோறும் ஐந்தரை மணிக்குக் கீஸரைப் போட்டு, வாளியில் விளாவி வைப்பது நம் வேலை. அந்த ஒரு செம்பை மட்டும் நாம் மொண்டு வைக்க அவர் அநுமதிப்பதில்லை.